கட்டாய உரிமமா, ஆணையுரிமமா?

அனைவருக்கும் வணக்கம்.

காப்புரிமை (patent) வைத்திருப்பவர் இசையாவிட்டாலும், அவரது கண்டுபிடிப்பை வேறொருவர் பயன்படுத்தச் சட்டப்படி வழங்கப்படும் உரிமத்தை ஆங்கிலத்தில் compulsory licence என்பர். நம் காப்புரிமைச் சட்டச் சொற்பட்டியலில் அதற்குக் ‘கட்டாய உரிமம்’ என்னும் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம் என்றும், செய்தித்தாள்களில் அது ஏற்கெனவே வேரூன்றிவிட்டது என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். புழக்கத்தை நானும் மதிக்கிறேன். ‘காப்புரிமை’யை மாற்றவேண்டும் என்று இன்று யாரேனும் கிளம்பினால் முதலில் எதிர்ப்பவன் நானாகத்தான் இருப்பேன். ஆனால் ‘கட்டாய உரிமம்’ வேறு வகை. அது யாரைக் கட்டாயப்படுத்துகிறது என்பதைத் தமிழ் வாசகர் தலைகீழாகப் புரிந்துகொள்ள இடமளிக்கிறது.

‘கட்டாய’ என்னும் அடைமொழி நம் மொழியில் எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். கட்டாய ஓய்வு பெற்றவர் என்றால், ஓய்வைப் பெற்றவரே கட்டாயத்துக்கு உள்ளானவர். கட்டாயத் தலைக்கவசம் என்றால், அணிபவர்மீதுதான் கட்டாயம். அதே ஓசையில் ‘கட்டாய உரிமம் பெற்ற நிறுவனம்’ என்று படிப்பவர், அந்த நிறுவனம் உரிமம் எடுத்தே தீரவேண்டிய நிலையில் இருந்தது என்றுதான் கொள்வார். ‘இம்மருந்தைத் தயாரிக்கக் கட்டாய உரிமம் தேவை’ என்னும் தொடரோ, உணவகம் நடத்த உரிமம் கட்டாயம் என்பதுபோலவே ஒலிக்கிறது. உண்மையில் கட்டாயத்துக்கு உள்ளாகிறவர் காப்புரிமை வைத்திருப்பவர். உரிமம் பெறுகிறவர் தாமாக விண்ணப்பித்து, வாதாடி, வென்று பெறுகிறார்.

இந்தியாவில் இது நடந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்வது நல்லது. கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்கான சோராஃபெனிப் என்னும் மருந்துக்கு 2008இல் பேயர் நிறுவனத்துக்கு இந்தியக் காப்புரிமை கிடைத்தது. நெக்சாவர் என்ற பெயரில் விற்ற அந்த மருந்தில் ஒரு மாதத்துக்கான 120 மாத்திரைகளின் விலை 2,80,428 ரூபாய். ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் முதலில் பேயரிடமே உரிமம் கேட்டது. அது மறுக்கப்பட்ட பின், 2011இல், காப்புரிமைகளை வழங்கும் அதிகாரியான காப்புரிமைக் கட்டுப்பாட்டாளரிடம் விண்ணப்பித்தது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, காப்புரிமை வழங்கி மூன்றாண்டுகள் கழிந்த பின்னர் மூன்று காரணங்களுள் ஏதேனும் ஒன்றின்பேரில் இவ்வாறு விண்ணப்பிக்க இடமளிக்கிறது: பொதுமக்களின் நியாயமான தேவை நிறைவேறாமை, கட்டுப்படியாகும் விலையில் கிடைக்காமை, புனைவு (காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு) இந்திய ஆட்சிப்பரப்பில் செயற்படுத்தப்படாமை. மூன்றும் மெய்ப்பிக்கப்பட்டன என்று கண்ட கட்டுப்பாட்டாளர் 2012 மார்ச் 9 அன்று உரிமம் வழங்கி ஆணையிட்டார். 120 மாத்திரைகளை 8,880 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது, விற்பனையில் ஆறு விழுக்காட்டைப் பேயருக்குச் செலுத்தவேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 600 ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகத் தரவேண்டும், உரிமத்தை வேறு எவருக்கும் கைமாற்றக்கூடாது என்பன அந்த ஆணையிலேயே இருந்த நிபந்தனைகள். மேல்முறையீட்டில், அப்போது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம், ஆறு விழுக்காட்டை ஏழாக உயர்த்தியதைத் தவிர ஆணையை உறுதிசெய்தது. பின்னர் மும்பை உயர் நீதிமன்றமும் 2014இல் அதை நிலைநிறுத்தியது.

இந்த நடைமுறையில் கவனிக்கவேண்டியது, சட்டம் முதலில் இசைவைத் தேடச் சொல்கிறது என்பதே. விண்ணப்பதாரர் நியாயமான நிபந்தனைகளில் உரிமம் பெற முயன்றாரா என்பதைக் கட்டுப்பாட்டாளர் பார்த்தாகவேண்டும். டாசாட்டினிப் என்னும் மற்றொரு புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பம் 2013இல் இந்தப் படியிலேயே தடுக்கி விழுந்தது. ஆக, இசைவு கேட்கப்படுகிறது. அது மறுக்கப்பட்டால், பொதுநலக் காரணம் மெய்ப்பிக்கப்பட்டால், ஆணை பிறக்கிறது. அறிவுசார் சொத்துரிமையின் வணிகம்சார் கூறுகள் பற்றிய உலக வணிக அமைப்பின் ஒப்பந்தமும் இதே நோக்கில்தான் எழுதப்பட்டுள்ளது. அதன் 31ஆம் உறுப்பில் கட்டாயம் என்ற பேச்சே இல்லை; உரிமையாளரின் இசைவின்றிப் பயன்படுத்துதல் என்றுதான் இருக்கிறது.

எனவே ‘இசைவுரிமம்’, ‘ஆணையுரிமம்’ என்னும் இணையை முன்மொழிகிறேன். உரிமையாளர் தாமே ஒப்பந்தம் செய்து தருவது இசைவுரிமம். அவர் இசையாதபோது கட்டுப்பாட்டாளரின் ஆணையால் கிடைப்பது ஆணையுரிமம். ‘நாட்கோ ஆணையுரிமம் பெற்றது’ என்று எழுதினால், எவரும் எவரையும் தவறாகக் கட்டிப்போட மாட்டார்கள்.

உரிமையாளர் தாமே தரும் உரிமத்துக்கு (voluntary licence) இப்போது பட்டியலில் உள்ள ‘தன்னார்வ உரிமம்’ என்பதும் இதனால் ஒழியும் என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. தன்னார்வலர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் வெள்ளக் காலத்தில் உணவுப் பொட்டலம் சுமப்பவர். 2014இல் கிலியட் நிறுவனம் கல்லீரல் அழற்சி மருந்தான சோஃபோஸ்புவிரைத் தயாரிக்க இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் தந்தபோது, எந்தெந்த நாடுகளில் விற்கலாம் என்ற பட்டியலையும் செலுத்தவேண்டிய ராயல்டியையும் சேர்த்தே தந்தது. அது கணக்குப் பார்த்துச் செய்த வணிக ஒப்பந்தம். அதற்குத் தொண்டின் சாயலைப் பூசுவது கலைச்சொல்லின் வேலையன்று.

‘கட்டாய உரிமம்’ என்பதற்கு மாற்றாகப் ‘பொதுநல உரிமம்’ என்று மற்றொரு நண்பர் பரிந்துரைத்ததை நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். கேட்க இனிய சொல்; ஆனால் ஏற்பதற்கில்லை. பொதுநலம் காப்புரிமைச் சட்டத்தின் பல பிரிவுகளில் பரவிக் கிடக்கிறது: பொதுமக்களுக்குக் கேடாகும் காப்புரிமையை மைய அரசு நீக்க 66ஆம் பிரிவு வழிசெய்கிறது, அரசே தன் தேவைக்குப் புனைவைப் பயன்படுத்திக்கொள்ள 100ஆம் பிரிவு இருக்கிறது. இவற்றுள் ஒன்றுக்கு மட்டும் ‘பொதுநல’ என்னும் அடையைக் கொடுத்துவிட்டால் மற்றவற்றுக்கு என்ன சொல்வது? மேலும் 91ஆம் பிரிவின்கீழ், தம் புனைவைச் செயற்படுத்த வேறொருவரின் காப்புரிமை குறுக்கே நிற்கிறது என்று கூறி ஒரு காப்புரிமையாளரே உரிமம் கேட்கலாம். அங்கே முதலில் மோதுவன இருவரின் வணிக நலன்களே. ‘ஆணை’ என்றால் அந்த நேர்வும் அடங்கும்.

ஆணையுரிமம் என்பது அரசாணையை நினைவூட்டாதா என்ற ஐயம் எழலாம். ஓரளவு நினைவூட்டும்தான். ஆயினும் நீதிமன்றமும் தீர்ப்பாயமும் ஆணைகளைப் பிறப்பிக்கின்றன என்பது செய்தி படிக்கும் எவருக்கும் தெரிந்தது. இரு தரப்பையும் கேட்டு, காரணங்களை எழுதிப் பிறப்பிக்கும் கட்டுப்பாட்டாளரின் முடிவுக்கு அச்சொல் பொருந்தும். நாட்டு நெருக்கடிக் காலத்தில் மைய அரசின் அறிவிக்கையைத் தொடர்ந்து உரிமம் வழங்கப்படும் 92ஆம் பிரிவிலும் இறுதியில் உரிமம் தருபவர் கட்டுப்பாட்டாளரே.

பதிப்புரிமைச் (copyright) சட்டத்துக்கும் இந்த இணை உதவுகிறது என்பதால் மூன்றாவது சொல்லையும் இப்போதே முடிவுசெய்துவிடலாம். 2012 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 31டி பிரிவின்படி, வானொலி நிலையம் முன்னறிவிப்புக் கொடுத்து, நிர்ணயிக்கப்பட்ட ராயல்டியைச் செலுத்திப் பாடல்களை ஒலிபரப்பலாம். ஒவ்வோர் உரிமையாளரிடமும் இசைவு பெறவேண்டியதில்லை, தனித்தனி ஆணையும் வேண்டியதில்லை. சட்டமே நேரடியாகத் தருவதால் இது ‘சட்டவுரிமம்’.

ராயல்டியை ராயல்டி என்றே மேலே எழுதியிருப்பது தெரிந்துதான். ‘உரிமைத்தொகை’ நல்ல சொல்லாக இருந்தது. ஆனால் 2023 செப்டம்பருக்குப் பின் தமிழ்நாட்டில் அச்சொல்லைக் கேட்பவர், மகளிர் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் செலுத்த மாநில அரசு அப்போது தொடங்கிய திட்டத்தைத்தான் நினைப்பார். பதிப்பாளரும் எழுத்தாளரும் ராயல்டி என்றே பேசுகிறார்கள். நாமும் அப்படியே விடலாம்.

இலங்கை நண்பர்களின் கருத்து எனக்குத் தேவைப்படுகிறது. அங்கே அறிவுசார் சொத்து ‘புலமைச் சொத்து’ ஆகிறது. நாம் ஓட்டுநர் உரிமம் என்பது அங்கே சாரதி அனுமதிப்பத்திரம். ‘உரிமம்’ என்பதே அங்கு அயலாக ஒலிக்குமானால், ‘ஆணை’, ‘இசைவு’ என்னும் முன்னொட்டுகளை மட்டும் பொதுவாக வைத்துப் பின்பகுதியை அந்தந்த நாட்டு வழக்குக்கு விட்டுவிடலாம்.

பட்டியலில் ‘கட்டாய உரிமம்’ என்று தேடுபவருக்கு ‘ஆணையுரிமம் காண்க’ என்னும் சுட்டு இருக்கட்டும். செய்தித்தாள் வழக்கை மறைக்க வேண்டாம். எதிர்ப்பு இருந்தால், சட்டப் பிரிவைச் சுட்டி, ‘ஆணை’ பொருந்தாத நேர்வு ஒன்றைக் காட்டி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவ்வாறு ஒன்று கிடைத்தால் என் முன்மொழிவைத் திரும்பப் பெறுவேன்.