டாஃப்னியா சோதனை: ஒரு தண்ணீரில் கன்ட்ரோலே சாகிறது, இன்னொன்றில் தாமிரம் போட்டும் எதுவும் ஆகவில்லை. உதவி தேவை

குளத்துநீர்:

வணக்கம். முதுநிலை ஆய்வுக்காகத் தாமிரம் நன்னீர்ச் சிற்றுயிர்களை எவ்வளவு பாதிக்கிறது என்று சோதித்து வருகிறேன். உயிரி டாஃப்னியா மேக்னா என்னும் நீர்த்தெள்ளு. முறை ஓ.இ.சி.டி. அமைப்பின் வழிகாட்டி 202, அதாவது 48 மணி நேர அசைவிழப்புச் சோதனை. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குட்டிகள், ஒரு பீக்கரில் 5, ஒவ்வொரு செறிவுக்கும் 4 பீக்கர், வெப்பநிலை 20 டிகிரி. சோதனை முடியும்வரை உணவு கிடையாது, காற்றூட்டம் கிடையாது. போடுவது காப்பர் சல்பேட் பென்டாஹைட்ரேட். செறிவுகளைத் தாமிரமாகத்தான் கணக்கிடுகிறேன், உப்பாக அல்ல.

வளர்ப்புத் தொட்டியில் இருப்பது எம்4 என்ற செயற்கை வளர்ப்பு ஊடகம். அதிலேயே சோதனையை வைத்தால் கன்ட்ரோலில், அதாவது தாமிரம் போடாத பீக்கர்களில், ஒன்றுகூடச் சாவதில்லை. ஆனால் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் தாமிரம் போட்டாலும் ஏறக்குறைய எல்லாக் குட்டிகளும் நீந்திக்கொண்டிருக்கின்றன. நான் படித்த கட்டுரைகளில் 48 மணி நேர இ.சி.50 (பாதிக் குட்டிகளை அசைவிழக்கச் செய்யும் செறிவு) பெரும்பாலும் பத்துகளில்தான் இருக்கிறது.

சரி, ஊடகத்தை மாற்றுவோம் என்று நான்கு உப்புகள் மட்டும் சேர்க்கும் ஐ.எஸ்.ஓ. தண்ணீருக்குப் போனால், அங்கே கன்ட்ரோலிலேயே இருபதில் நான்கைந்து அசைவிழக்கின்றன. முடிவில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மி.கி.க்குக் குறையவில்லை. பி.எச். 7.8, கடினத்தன்மை கால்சியம் கார்பனேட்டாக 250-ஐ ஒட்டி.

எந்தத் தண்ணீரை நம்புவது? கன்ட்ரோல் ஏன் இப்படி ஆகிறது?

செறிவுக்கோடு:

கன்ட்ரோல் இழப்பைக் கழிக்க அபாட் திருத்தம் இருக்கிறதே. 1925-லிருந்து பூச்சிக்கொல்லி ஆய்வுகளில் பயன்படுகிற சூத்திரம். ஐ.எஸ்.ஓ. தண்ணீரில் கிடைத்த எண்களை அதில் போட்டுத் திருத்திவிட்டு இ.சி.50 எடுத்துக்கொள்ளலாம்.

பிப்பெட்முனை:

மேலே சொன்னதோடு எனக்கு உடன்பாடில்லை. 202-இல் கன்ட்ரோல் அசைவிழப்பு 10 சதவீதத்தைத் தாண்டினால் சோதனை செல்லாது. இருபதில் இரண்டு வரை பரவாயில்லை. நான்கைந்து என்றால் அந்த முழு வரிசையையும் ஒதுக்க வேண்டியதுதான். அபாட் சூத்திரம் ஒரு சிறு பின்னணி இழப்பைக் கழிக்கத்தான். அந்த இழப்பும் ரசாயனமும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக வேலை செய்கின்றன என்பது அதன் அடிப்படை. ஏற்கெனவே நலிந்துபோன குட்டிக்குத் தாமிரம் கூடுதலாக உறைக்கும். அதை எந்தச் சூத்திரத்தாலும் கழிக்க முடியாது.

குளத்துநீர், பதில் சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். அசையாத குட்டிகள் எங்கே கிடக்கின்றன? பீக்கரின் அடியிலா, நீர்மட்டத்திலா? இரண்டும் வேறு வேறு நோய். ஒரு குட்டியைத் துளி நீரோடு ஸ்டீரியோ நுண்ணோக்கியில் வைத்துப் பக்கவாட்டில் ஒளி கொடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, எண்ணும் முறை. பீக்கரை மெதுவாகச் சுழற்றிவிட்டு 15 விநாடி பார்க்க வேண்டும். அதற்குள் நீந்தாவிட்டால் அது அசைவிழந்தது. உணர்கொம்பு லேசாகத் துடித்தாலும் அது நீச்சல் ஆகாது. உங்கள் எம்4 பீக்கர்களிலும் இப்படித்தான் எண்ணினீர்களா?

நீர்வேதி:

எம்4 விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். அதில் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. இருக்கிறது. வேதியியல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

எம்4-இல் டைசோடியம் இ.டி.டி.ஏ. டைஹைட்ரேட் லிட்டருக்கு 2.5 மி.கி. மூலக்கூறு எடை 372. ஆகவே லிட்டருக்குச் சுமார் 6.7 மைக்ரோமோல். நீங்கள் போட்ட 200 மைக்ரோகிராம் தாமிரத்தை 63.5-ஆல் வகுத்தால் 3.15 மைக்ரோமோல். ஒரு மூலக்கூறு இ.டி.டி.ஏ. ஒரு தாமிர அயனியைப் பிடிக்கும். அதாவது போட்ட தாமிரம் முழுவதையும் பிடித்த பிறகும் பாதிக்கு மேல் இ.டி.டி.ஏ. மிச்சம். அதில் பாதியளவு இரும்போடு சேர்ந்திருக்கும் என்று வைத்தாலும் மீதி, போட்ட தாமிரத்துக்கு ஏறக்குறையப் போதும்.

"கால்சியம் அவ்வளவு இருக்கிறதே, அது இடத்தைப் பிடித்துக்கொள்ளாதா?" என்று கேட்கத் தோன்றும். கால்சியத்தைவிடத் தாமிரத்தை இ.டி.டி.ஏ. ஏறத்தாழ பத்து கோடி மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். கால்சியம் எத்தனை இருந்தாலும் தாமிரத்துக்கு வழிவிட்டே ஆக வேண்டும்.

டாஃப்னியாவை வதைப்பது முக்கியமாகக் கட்டில்லாத தாமிர அயனி. அது சோடியத்தை உள்ளே இழுக்கும் இடங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடலில் சோடியம் குறைந்துபோகிறது. இ.டி.டி.ஏ. பிடித்துவைத்த தாமிரம் அந்த இடத்துக்குப் போகவே முடியாது. பாட்டிலில் 200 என்று எழுதியிருக்கிறீர்கள். விலங்கு சந்தித்தது கிட்டத்தட்டச் சுழியம். உலோகங்களைச் சோதிக்கும்போது எம்4-உம் அதே வகை எம்7-உம் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. தாமிரத்துக்கு இவ்வளவு இ.சி.50 என்று ஒரே எண்ணாக எழுதிவிடுகிறோம். எந்தத் தண்ணீரில் என்று எழுதுவதில்லை. கடினத்தன்மை, பி.எச்., கரைந்த கரிமம் மூன்றும் இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. குளத்து நீரில் மக்கிய இலைகளிலிருந்து வரும் ஹியூமிக் பொருள்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன, இ.டி.டி.ஏ. அளவுக்கு இறுக்கமாக இல்லாவிட்டாலும்.

குளத்துநீர்:

நீர்வேதி, மிக்க நன்றி. தாளில் நானும் போட்டுப் பார்த்தேன், அதே விடைதான் வருகிறது. எம்4 பீக்கர்களின் பதிவுகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

பிப்பெட்முனை, நீங்கள் சொன்னபடி ஐ.எஸ்.ஓ. கன்ட்ரோல் பீக்கர்களைப் பார்த்தேன். அசையாதவற்றில் பெரும்பாலானவை நீர்மட்டத்தில் பக்கவாட்டாகக் கிடந்தன. நுண்ணோக்கியில் ஓட்டுக்கு அடியில், முதுகுப் பக்கம், வெள்ளியாக மினுங்கும் ஒரு குமிழ். உள்ளே இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உணர்கொம்புகள் காற்றை அடிக்கின்றன. தண்ணீருக்குள் போக முடியவில்லை. ஒன்றிரண்டு மட்டும் அடியில் கிடந்தன, அவற்றில் குமிழ் இல்லை.

பிப்பெட்முனை:

அப்படியென்றால் பாதிப் பிரச்சினை விஷமே இல்லை, காற்று.

டாஃப்னியாவின் ஓடு நீரை ஒட்டவிடாது. ஒருமுறை நீர்மட்டத்தை உடைத்து வெளியே வந்தால் ஓட்டுக்குள் காற்று புகுந்துவிடும், பிறகு தானாக இறங்காது. இதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று, குட்டியைப் பிப்பெட்டிலிருந்து நீர்மட்டத்துக்கு மேலே சொட்டாக விடுவது. விழும் துளியோடு காற்றும் ஒட்டிக்கொள்ளும். பிப்பெட் முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, மெதுவாக அழுத்தி, குட்டியாக நீந்தி வெளியே போகும்படி விடுங்கள். முனை அகலமாக, விளிம்பு மழுங்கி இருக்க வேண்டும். கண்ணாடிப் பிப்பெட்டை வெட்டி, வெட்டிய விளிம்பைச் சுடரில் காட்டி மழுக்கிக்கொள்ளலாம்.

இரண்டு, தண்ணீர். ஐ.எஸ்.ஓ. தண்ணீரை எப்போது காற்றூட்டுகிறீர்கள்? குளிர்ந்த நீரில் காற்று அதிகமாகக் கரையும். அதை 20 டிகிரி அறைக்குக் கொண்டுவந்து உடனே பீக்கரில் ஊற்றினால் மிஞ்சிய காற்று சிறு குமிழ்களாக வெளியேறும், கண்ணாடிச் சுவரிலும் ஒட்டும், குட்டியின் மேலும் ஒட்டும். சோதனை வெப்பநிலையிலேயே காற்றூட்டி, நிறுத்தி, ஓர் இரவு சும்மா வைத்துவிட்டு அடுத்த நாள் பயன்படுத்துங்கள். சுவரில் குமிழ் தெரிந்தால் அந்தத் தண்ணீர் இன்னும் தயாராகவில்லை.

மிதப்பவற்றை எண்ணும்போது தயவுசெய்து தனிப் பத்தியில் குறித்து வையுங்கள். மிதந்ததா, அடியில் கிடந்ததா என்பது பிறகு நினைவில் நிற்காது.

பழையதொட்டி:

அடியில் கிடந்த அந்த ஒன்றிரண்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

தம்பி, குட்டிகள் எம்4-இல் பிறந்து நேராக ஐ.எஸ்.ஓ. தண்ணீருக்குள் போகின்றனவா? எம்4-இல் நுண்தனிமங்களும் விட்டமின்களும் இருக்கின்றன. ஐ.எஸ்.ஓ. தண்ணீரில் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட், சோடியம் பைகார்பனேட், பொட்டாசியம் குளோரைடு, அவ்வளவுதான். பிறந்த அன்றே இந்த மாற்றம் குட்டிக்கு அதிர்ச்சி. சோதனைக்கு முன் குறைந்தது 48 மணி நேரம் தாய்களைச் சோதனைத் தண்ணீரில், சோதனை வெப்பநிலையில் வைத்திருங்கள். பாசி கொடுத்தே வையுங்கள். அந்தத் தண்ணீரிலேயே பிறக்கும் குட்டிகளை எடுங்கள். எம்4-இன் இ.டி.டி.ஏ. குட்டிகளோடு பிப்பெட்டில் வந்து சேருவதும் இதனால் நிற்கும்.

அப்புறம் தாய்களைப் பாருங்கள். முதல் ஈற்றுக் குட்டிகளை எடுக்காதீர்கள், அவை நலிந்தவை. தொட்டியில் ஆண்கள் தென்படுகின்றனவா? முதுகில் கருஞ்சேணம் வைத்ததுபோல எஃபிப்பியம் எனும் உறங்குமுட்டை உறையைச் சுமக்கும் பெண்கள் இருக்கின்றனவா? இருந்தால் நெரிசலோ உணவுக் குறைவோ இருக்கிறது என்று பொருள். அந்தத் தொட்டியின் குட்டிகள் சோதனைக்கு ஆகாது. சோதனை செல்லுமா செல்லாதா என்பது பீக்கரில் தீர்மானமாவதாக நினைக்கிறோம். பெரும்பாலும் அது தொட்டியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நல்ல தாய் வெளிறாமல், குடல் பச்சையாக, முட்டைப்பை நிறைந்து இருக்கும். தினமும் இரண்டு நிமிடம் தொட்டி முன் நின்று பார்த்தாலே கண்ணுக்குப் பழகிவிடும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றியதும் நேராகத் தாமிரத்துக்குப் போகாதீர்கள். பொட்டாசியம் டைக்ரோமேட் வைத்து ஒரு சோதனை செய்யுங்கள். 24 மணி நேர இ.சி.50 லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மி.கி.க்குள் வந்தால் உங்கள் விலங்குகளும் கையும் ஒழுங்காக இருக்கின்றன. கையுறை போடுங்கள், அது புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிறன் குரோமியம். கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனிப் பாட்டிலில் சேருங்கள்.

செறிவுக்கோடு:

பிப்பெட்முனை சொன்னது சரி, 10 சதவீத எல்லையைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். குளத்துநீர், செறிவு இடைவெளி எவ்வளவு வைக்கிறீர்கள்? அதைச் சொன்னால் கணக்குப் பகுதிக்கு உதவ முடியும்.

குளத்துநீர்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

தண்ணீரை 20 டிகிரி அறையிலேயே காற்றூட்டி, ஓர் இரவு ஆறவிட்டேன். தாய்களை முன்கூட்டியே ஐ.எஸ்.ஓ. தண்ணீருக்கு மாற்றினேன். குட்டிகளை நீருக்குள்ளேயே விட்டேன். மிதப்பது நின்றுவிட்டது. கன்ட்ரோலில் இப்போது ஒன்று அல்லது எதுவும் இல்லை. டைக்ரோமேட் எல்லைக்குள் வந்துவிட்டது. தாமிரமும் இப்போது பத்துகளில்தான் நிற்கிறது.

பழையதொட்டி அண்ணா, ஒரு தொட்டியில் எஃபிப்பியம் இருந்தது. அந்தத் தொட்டிக் குட்டிகளை இந்த வரிசையில் சேர்க்கவில்லை.

புதுப் பிரச்சினை இது. செறிவுகளை ஒன்றுக்கு இரண்டு மடங்காக வைத்தேன். ஒரு செறிவில் எல்லாம் நீந்துகின்றன, அடுத்ததில் எல்லாம் அசைவிழந்துவிட்டன. நடுவில் எதுவும் இல்லை. செறிவுக்கும் பாதிப்புக்குமான புரோபிட் கோடு போட மென்பொருள் மறுக்கிறது.

செறிவுக்கோடு:

மறுப்பதுதான் நியாயம். பகுதிப் பாதிப்பு ஒன்றுகூட இல்லாமல் சாய்வைக் கண்டுபிடிக்க வழியில்லை. இப்போதைக்கு, எதுவும் அசைவிழக்காத மிக உயர்ந்த செறிவு, எல்லாம் அசைவிழந்த மிகக் குறைந்த செறிவு, இவ்விரண்டின் பெருக்குச் சராசரியைத் தோராய இ.சி.50 என்று எடுத்துக்கொள்ளலாம். 40, 80 என்றால் 57-ஐ ஒட்டி வரும். தோராயம் என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

அடுத்தடுத்த செறிவுகளுக்கு இடையிலான காரணி 2.2-ஐத் தாண்டக்கூடாது என்று 202 சொல்வது மேல் எல்லைதான், அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் நெருக்கலாம். அந்த இரண்டு செறிவுகளுக்கு நடுவே 1.3 காரணியில் அடுத்த வரிசையை வையுங்கள். தாமிரத்துக்குச் சாய்வு செங்குத்தாக இருப்பது வழக்கம்தான்.

நீர்வேதி:

அந்த நெருக்கமான வரிசைக்குப் போவதற்கு முன் தாமிரத்தை அளந்துவிடுங்கள். 1.3 காரணி என்றால் அடுத்தடுத்த பீக்கர்களுக்கு இடையே 30 சதவீதம்தான் வித்தியாசம். கண்ணாடிச் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டாலே இரண்டு செறிவுகள் ஒன்றாகிவிடும். பீக்கர்களை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, நன்றாகக் கழுவி, பயன்படுத்துவதற்கு முன் ஒருமுறை சோதனைக் கரைசலாலேயே அலசி ஊற்றிவிடுங்கள்.

தொடக்கத்திலும் 48 மணி நேர முடிவிலும் மாதிரி எடுங்கள். 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டியது ஒன்று, வடிகட்டாதது ஒன்று. முதலில் வடிகட்டிவிட்டு அப்புறம்தான் அமிலம் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் துகளில் ஒட்டியதும் கரைந்து, கரைந்த தாமிரமாகவே கணக்கில் வந்துவிடும். சோதனை முழுவதும் அளந்த அளவு பெயரளவுச் செறிவிலிருந்து (போட்டதாகக் கணக்கிட்ட அளவிலிருந்து) 20 சதவீதத்துக்குள் நின்றால் பெயரளவையே பயன்படுத்தலாம். இல்லையென்றால் அளந்ததை வைத்துத்தான் இ.சி.50.

எம்4 பதிவுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அதே குட்டிகள், அதே தாமிரம், இ.டி.டி.ஏ. உள்ள தண்ணீர், இல்லாத தண்ணீர் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் ஆய்வேட்டில் அது ஒரு நல்ல அத்தியாயம்.

குளத்துநீர்:

பீக்கர்களை அமிலத்தில் போட்டாயிற்று. எம்4 வரிசையை இந்த முறை ஐ.எஸ்.ஓ. வரிசையோடு ஒரே நாளில், ஒரே தாய்களின் குட்டிகளைப் பிரித்து வைத்து மறுபடி செய்யப் போகிறேன். இரண்டிலும் கரைந்த தாமிரத்தை அளந்ததும் எண்களை இங்கேயே போடுகிறேன்.