பவுசர்: தமிழில் என்ன சொல்லலாம்? (வியாழனன்று அச்சுக்குப் போகிறது)

அன்புள்ள குழுவினருக்கு,

நேற்று நான் கேட்டதைப் புதிதாக வந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். இரண்டாம் உலகப்போர்ப் படங்களுக்குத் தமிழில் விளக்கவரி எழுதுகிறேன். ஒரு படம்: இங்கிலாந்தில் அமெரிக்க எட்டாம் வான்படையின் பி-17 குண்டுவீச்சு விமானம். பக்கத்தில் வலப்பக்க ஸ்டீயரிங் வைத்த பிரிட்டிஷ் எரிபொருள் வண்டி. இறக்கைமேல் மண்டியிட்டுக் குழாயைப் பிடித்திருப்பவர் அமெரிக்கர். 1941 மார்ச்சில் கடன்-குத்தகைச் சட்டம் போட்டு அமெரிக்கா பிரிட்டனுக்குத் தளவாடம் கொடுத்தது. 1942இல் அமெரிக்கப் படை வந்திறங்கியதும் விமானதளம், டிராக்டர், லாரி என்று பிரிட்டன் தன் பங்குக்குக் கொடுத்தது. இதை ‘எதிர்க் கடன்-குத்தகை’ என்று எழுதிவிட்டேன். பிரிட்டிஷார் ‘பவுசர்’ என்ற அந்த வண்டிதான் நிற்கிறது.

> எரிநெய்யூர்தி. ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று புறநானூறு பாடிய மொழிக்குக் கடன் எதற்கு?

ஐயா, ஊர்தி என்றால் ஏறிப் போவது. ‘சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான்’ என்ற குறளில் ஊர்ந்தவன் பல்லக்கில் இருந்தவன். இந்த வண்டி ஆளேற்ற வரவில்லை. ‘எரிநெய்’ என்றதும் படிப்பவருக்கு விளக்குதான் நினைவுக்கு வரும்.

> எரிபொருள் தாங்கி. டாங்க் என்பதே நம் ‘தாங்கல்’தான். வேடந்தாங்கலைப் பாருங்கள்.

அகராதிகள் குஜராத்தியையும் போர்த்துகீசியத்தையும் காட்டுகின்றன. அதை விடுவோம். போர்ப்படத்தில் ‘தாங்கி’ என்றால் இலங்கை வாசகர் யுத்த தாங்கியைத் தேடுவார்.

> பவுசர் எண்டே எழுதுங்கோ தம்பி. எங்கட பேப்பரில ‘எரிபொருள் பவுசர்’ எண்டுதான் வரும்.

அக்கா, இதைப் படித்தபின் வேறு சொல் தேட எனக்கு மனம் வரவில்லை. பவுசர் என்பது ஓர் ஆளின் பெயர். இண்டியானாவின் ஃபோர்ட் வேயினில் 1885இல் மண்ணெண்ணெய் பம்பு செய்து விற்ற சில்வேனஸ் பவுசர். அமெரிக்கப் பெயர் பிரிட்டனில் வண்டிப் பெயராகி, 1942இல் அமெரிக்கச் சிப்பாய்கள் காதுக்கே பிரிட்டிஷ் சொல்லாகத் திரும்பியது. பிறகு இலங்கைத் தமிழர் வாயிலும் ஏறிவிட்டது. படத்தில் இருக்கும் பகிர்வு முழுவதும் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தனித்தமிழாக்கினால் அது போய்விடும்.

எரிபொருள் அளவை எந்தக் கேலனில் எழுதுவது என்று கேட்டவருக்கு: வண்டியைப் பகிர்ந்தாலும் அளவை வேறுதான். பிரிட்டிஷ் கேலன் 4.55 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.79. இறக்கைமுனைத் தொட்டிகளோடு பி-17 கொள்ளும் 2,780 அமெரிக்கக் கேலன், பிரிட்டிஷ் கணக்கில் ஏறத்தாழ 2,315. அதனால் 10,500 லிட்டர் என்று எழுதிவிடுகிறேன்.

இதுவரை ஐவர் ‘எரிபொருள் பவுசர்’ பக்கம், இருவர் ‘தாங்கி’ பக்கம். தமிழ்நாட்டு வாசகருக்காக முதல் இடத்தில் மட்டும் ‘பவுசர் எனும் டேங்கர் லாரி’ என்று போட்டு நாளை அனுப்புகிறேன்.

அன்புடன்.

---

தம்பி,

அனுப்புங்கள், தடுக்கவில்லை. என் மறுப்பு மட்டும் குழுவில் பதிவாகட்டும். ஆளின் பெயர் என்பதால் ஒரு சொல் மொழிபெயர்ப்புக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. அடுத்து வருகிறவரும் இதையே காரணம் காட்டுவார்; நாம் புதுச்சொல் செய்கிற பழக்கமே விட்டுப்போகும். ஊர்தல் என்பது ஏறிப் போவது மட்டுமன்று, நகர்வதும் ஊர்தல்தான். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோம். எறும்பு யாரை ஏற்றிக்கொண்டு போகிறது?