கட்டாயப் பூப்பா, முன்மலர்த்தலா?

அன்புள்ள ஐயா, குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டர்பனிலிருந்து நீங்கள் அனுப்பிய தோட்டக் கலைச்சொற் பட்டியலை முழுதும் படித்தேன். பெரும்பாலான சொற்களை அப்படியே கையேட்டில் சேர்த்துவிடலாம். ஒரு சொல்லில் மட்டும் உங்களோடு வாதிட அனுமதியுங்கள்: வெட்டிய கிளையை வீட்டுக்குள் வைத்துப் பருவத்துக்கு முன்பே மலரவைக்கும் ‘ஃபோர்சிங்’ வேலைக்கு நீங்கள் வைத்த பெயர்.

> ஃபோர்சிங்: கட்டாயப் பூப்பு. நேர்ப்பொருள், எளிதில் புரியும்.

முதலில் பூப்பு. தமிழ் வீடுகளில் பூப்பு என்றதும் செடி நினைவுக்கு வருவதில்லை. பெண்பிள்ளை பெரியவளானதுதான் நினைவுக்கு வரும். பூப்பு நீராட்டுக்கு அழைப்பிதழ் அச்சிடும் மக்கள் நாம். அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘கட்டாய’ என்று ஒட்டித் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ‘கட்டாயம்’. அது செடியைப் பற்றித் தவறான செய்தியைச் சொல்கிறது.

ஜோகன்னஸ்பர்க்கில் இப்போது பீச் மரங்கள் வெறுங்கிளையாக நிற்கின்றன. ஒரு குச்சியை ஒடித்துக் கணுவை உற்றுப் பாருங்கள். பல கணுக்களில் மூன்று மொட்டுகள் ஒட்டினாற்போல் இருக்கும். நடுவில் ஒல்லியாக, கூர்முனையோடு இருப்பது இலைமொட்டு. அதன் இருபுறமும் உருண்டு திரண்டு, சாம்பல் நிறத்தில் மென்மயிர் போர்த்தியிருப்பவை பூமொட்டுகள். அவற்றில் ஒன்றைச் சவர அலகால் நெடுக்காகப் பிளந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், மகரந்தத்தாள்கள் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு இருப்பது தெரியும். அந்தப் பூ சென்ற கோடையிலேயே உருக்கொள்ளத் தொடங்கிவிட்டது. நாம் கிளையை வெட்டி வீட்டுக்குள் கொண்டுவரும்போது செடியிடம் இல்லாத எதையும் அதிலிருந்து பிடுங்குவதில்லை.

மொட்டு மலர இரண்டு கணக்குகள் தீர வேண்டும். முதலாவது குளிர். சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இத்தனை மணி நேரம் என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு தேவை உண்டு. பீச்சிலேயே சில வகைகளுக்கு 200, 300 மணி நேரம் போதும். வேறு சிலவற்றுக்கு 800-க்கு மேல் வேண்டும். அது நிறைந்தால்தான் உள்ளுறக்கம் கலையும். அதன்பின் மொட்டை அடக்கி வைத்திருப்பது வெளியே உள்ள குளிர் மட்டுமே. அந்த நிலையில் கிளையை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால் பருவத்துக்குச் சில வாரங்கள் முன்பே மலர்ந்துவிடும். இந்த வெதுவெதுப்புதான் இரண்டாவது கணக்கு. அதில்தான் நம் கைக்கு வேலை.

முதல் கணக்கு தீராத கிளையை எவராலும் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் டர்பன் கரையோரத்தில் உறைபனி விழுவதில்லை. குளிர் மிகுதியாக வேண்டும் வகை ஒன்றை அங்கே நட்டு, ஜூலையில் கிளை வெட்டி ஜாடியில் வைத்தால் மொட்டு திறக்காமலேயே காய்ந்து உதிரும். தானாகப் பழுக்காததைத் தடியால் அடித்துப் பழுக்க வைத்த கதைதான். அதே வகையின் கிளை டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வந்தால், அதே டர்பன் அறையில் மலரும். ‘கட்டாயம்’ என்று படித்த பிள்ளை, கிளை மலரவில்லையென்றால் அதை ஹீட்டருக்குப் பக்கத்தில் தள்ளி வைக்கும், தண்ணீரைச் சுடவைக்கும். பெயரே தப்பான செயலுக்கு வழிகாட்டிவிடும். இவ்வளவு நீட்டி எழுதுவது இதற்காகத்தான்.

> தட்பப்பதனம் என்ற சொல் பாடநூலிலேயே இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டால் என்ன?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் தட்பப்பதனம் குளிர்காலக் கோதுமை போன்ற பயிர்களுக்கு உரியது. அங்கே குளிர் பட்ட பிறகுதான் செடிக்குப் பூக்கும் தகுதியே வருகிறது. குளிர் படும் நேரத்தில் பூ இன்னும் உருவாகவே இல்லை. பீச்சிலும், மஞ்சள் பூப் பூக்கும் ஃபோர்சித்தியாப் புதரிலும் பூ முன்கூட்டியே மொட்டுக்குள் இருக்கிறது. குளிர் அதன் உறக்கத்தைக் கலைக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலைகள். நமக்கு வேண்டியவற்றைக் குளிர்த்தேவை, மொட்டு உறக்கம் என்று எழுதினால் போதும். விதை உறக்கம் என்று ஏற்கெனவே எழுதுகிறோம், ஆகவே பிள்ளைகளுக்குப் புதிதாக இராது.

என் பரிந்துரை: முன்மலர்த்தல்.

மலர்தல் செடி தானே செய்வது. மலர்த்துதல் நாம் செய்விப்பது. வளர்தலும் வளர்த்தலும் போல. ‘முன்’ என்பது பருவத்துக்கு முன். வினையாகவும் தடையில்லாமல் வரும்: கிளையை முன்மலர்த்தினோம், முன்மலர்த்திய பீச், முன்மலர்த்தத் தகுந்த செடிகள். கட்டாயப் பூப்பை இப்படி வினையாக்கிப் பாருங்கள், நாக்கு இடறும். மலரூக்கம் என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். அழகான சொல்தான். ஆனால் வளர்ச்சி ஊக்கி, பயிர் ஊக்கி என்று தெளிக்கும் மருந்துகளோடு அந்த ‘ஊக்கம்’ ஒட்டிக்கொண்டுவிட்டது. ஏதோ மருந்தடிக்கும் வேலை என்று நினைப்பார்கள். ஹயசிந்த், டாஃபடில் கிழங்குகளைக் குளிரில் வைத்து எடுத்துத் தொட்டியில் பூக்கவைப்பதற்கும் முன்மலர்த்தல் பொருந்தும். ரூபார்ப் தண்டுகளை இருட்டில் வளர்ப்பதையும் ஃபோர்சிங் என்றே சொல்கிறார்கள். அங்கே பூவே கிடையாது, அதற்குத் தனிச்சொல் பிறகு தேடலாம்.

> பின்பனிக் காலத்தில் கிளைகளை வெட்டுக.

இந்த வரியை மாற்றியே ஆக வேண்டும். பின்பனி என்றால் மாசியும் பங்குனியும். தென்னாப்பிரிக்காவில் அப்போது கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும். நம் குளிர்காலத்தின் கடைசிப் பகுதி ஆடியில் வருகிறது. நூல்கள் அந்த மாதத்தை முதுவேனிலில் வைத்திருக்கின்றன. இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டல்லவா நிற்கிறோம்! பருவப்பெயரை விட்டுவிட்டு ‘ஜூலைக் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை’ என்று மாதத்தையே எழுதுவோம். உறைபனி படிந்த விடியற்காலையில் வெட்டாமல், வெயில் ஏறிய பிறகு வெட்டச் சொல்லுங்கள்.

செடிப் பட்டியலில் லைலாக் என்பதற்குப் பக்கத்தில் சிரிங்கா என்று போட்டிருக்கிறீர்கள். தாவரவியல் பெயராக அது சரி. ஆனால் இந்த நாட்டில் சிரிங்கா என்று எல்லோரும் சொல்வது மஞ்சள் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கும் வேம்பினத்து மரத்தை. அதன் காய் நச்சு. பிள்ளைகள் அதை வெட்டிக்கொண்டு வந்து வீட்டுக்குள் வைக்கக் கூடாது. லைலாக் என்று மட்டும் இருக்கட்டும்.

செய்முறையில் ‘தண்டின் அடியைச் சுத்தியால் நசுக்குக’ என்பதையும் நீக்க வேண்டும். பழைய நூல்கள் அப்படிச் சொல்லும். நசுங்கிய திசு அழுகி நீரில் பாக்டீரியாவைப் பெருக்கும், தண்டு நீர் உறிஞ்சுவது குறையும். கூரான கத்தரியால் சாய்வாக வெட்டி, நீருக்குள் அமிழ்த்திப் பிடித்து ஒரு விரற்கடை மறுபடி வெட்டினால் காற்றுக்குமிழி அடைக்காது. ‘மறுவெட்டு’ என்று நீங்கள் வைத்த சொல் அருமை. அதன்பின் 15 முதல் 18 பாகை வரையுள்ள, நேர்வெயில் படாத அறை. சில நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றம். ஃபோர்சித்தியா ஒன்று முதல் மூன்று வாரத்தில் மலரும், குயின்சுக்கு இன்னும் பொறுமை வேண்டும்.

கடைசியாக ஒன்று. மொட்டில் நிறம் தெரியத் தொடங்கியதும் ஜாடியை வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். அந்தக் கட்டத்துக்கு உங்கள் பட்டியலில் சொல் இல்லை. மலரும் தறுவாயில் இருக்கும் அரும்புக்குப் போது என்ற பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. ‘போதுநிலை’ என்று வைத்தால், ‘போதுநிலை வந்ததும் வெளிச்சத்துக்கு மாற்றுக’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பிள்ளைகள் அதைப் பொழுது என்று எடுத்துக்கொண்டு குழம்புவார்களா என்பதே என் ஐயம். அக்கா, உங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்து எழுதுங்கள். ஐயா, முன்மலர்த்தலுக்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை பக்கம் அச்சுக்குப் போகிறது.