திருகோணமலையில் பெரியவர்களுக்கு நீச்சல் பழக்குபவர் யாரும் இருக்கிறார்களா?

வணக்கம். எனக்கு 31 வயது, உப்புவெளியில் இருக்கிறேன். கடலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தும் நீந்தத் தெரியாது. 2004 சுனாமிக்குப் பிறகு அம்மா எங்களைத் தண்ணீரில் இறங்கவே விடவில்லை. படிப்பு, வேலை, பிள்ளைகள் என்று ஓடியதில் எனக்கென்று என்ன வேண்டும் என யோசிக்க இடமிருக்கவில்லை. இப்போது யோசித்தால் முதலில் வருவது இதுதான்: நீந்திப் பழகி, புறாத்தீவுப் பவளப்பாறைகளை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

இடுப்பளவு தண்ணீரில் நிற்க முடிகிறது. முகத்தை உள்ளே வைத்ததும் தோள் இறுகி, மூச்சு அடைத்து, கால் தானாகத் தரையைத் தேடுகிறது. யூடியூப் பார்த்து மூக்கால் குமிழி விடப் பழகினேன். வீட்டு வாளியில் சரியாக வருகிறது, கடலில் வருவதில்லை. தம்பி பிடித்துக்கொண்டும் அதே நிலைதான். ஒரு ஹோட்டல் தடாகத்தில் கேட்டேன், சிறுவர்களுக்கு மட்டும்தானாம். லைஃப் ஜாக்கெட்டோடு மிதக்கலாம்தான், ஆனால் எனக்கு அது போதாது.

மாரி தொடங்கினால் இந்தப் பக்கம் கடல் கொந்தளித்துவிடும், அதற்கு முன் ஆரம்பிக்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் தண்ணீர்ப் பயம் உள்ளவர்களுக்குப் பொறுமையாக நீச்சல் பழக்கும் பெண் பயிற்சியாளர் யாரையாவது தெரியுமா?