எஃப்/2 தொலைநோக்கியில் ஃபில்டரை எங்கே வைப்பது?

செலஸ்ட்ரான் 8 அங்குல ராசா (RASA) என்ற வானப் படத் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்காக என் அனுபவம். குவியத்தூரம் 400 மி.மீ., எஃப்/2, அதாவது குவியத்தூரம் திறப்பின் விட்டத்தைப்போல் இரு மடங்கு. கேமரா குழாயின் முன்பக்கம் உட்காருவதால் ஃபில்டர் சக்கரம் (பல ஃபில்டர்களை மாற்றி மாற்றிப் போடும் தட்டு) மாட்டினால் அதுவே ஒளியை மறைக்கும். கேமராவுக்கு முன்னால் உள்ள குறுகிய இடைவெளிதான் ஃபில்டருக்குக் கிடைக்கும்.

எஃப்/7 தொலைநோக்கியில் ரோசெட் நெபுலாவை அழகாகக் காட்டிய 3 நா.மீ. (நானோமீட்டர்) அகல அலைவரிசையை மட்டும் விடும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டர், இதில் வெளிறிப்போனது. காரணம் கோணம். எஃப்/2-இல் விளிம்புக் கதிர்கள் 14 டிகிரி சாய்ந்து வருகின்றன. சாய்ந்த ஒளிக்கு ஃபில்டரின் அலைவரிசை நீலப் பக்கம் நகரும். இந்தச் சாய்வுக்குச் சுமார் 5 நா.மீ. அப்புறம் ஹைட்ரஜனின் 656.3 நா.மீ. சிவப்புக் கோடு எப்படி உள்ளே வரும்? நேராக வரும் நடுக்கதிர்களையும் கேமரா மறைத்துவிடுகிறது. எஃப்/2-க்கென்றே அலைவரிசையை முன்கூட்டி நகர்த்திச் செய்த ஃபில்டர் போட்டதும் நெபுலா திரும்ப வந்தது.

சரி, சென்சாரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது? குதிரைத்தலை நெபுலா எடுத்தபோது இது நன்றாகப் புரிந்தது. ஃபில்டர் பக்கத்தில் இருந்தால் அருகிலுள்ள பிரகாசமான அல்நிடாக் நட்சத்திரத்தைச் சுற்றிச் சின்னதாக, பளிச்சென்று ஒரு பிரதிபலிப்பு வட்டம். தள்ளி வைத்தால் அது விரிந்து மங்கிவிடும். 10 மி.மீ. தள்ளினால் ஃபில்டர் தூசியின் நிழலும் 5 மி.மீ. அகலத்துக்குப் பரவும், ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் திருத்தப் படம்) எடுத்துச் சுலபமாகச் சரிசெய்யலாம். ஆனால் தள்ளத் தள்ளப் பெரிய ஃபில்டர் வேண்டும். 23 மி.மீ. மூலைவிட்டமுள்ள சென்சாருக்கு 16 மி.மீ. முன்னால் என்றால் குறைந்தது 31 மி.மீ. திறப்பு தேவை. ஒன்றேகால் அங்குல ஃபில்டரில் மூலைகள் இருண்டுபோகும். என் பரிந்துரை 2 அங்குலம், இடம் விடும்வரை தள்ளியே. ஃபில்டர் கண்ணாடி 2 மி.மீ. என்றால் குவியம் சுமார் 0.7 மி.மீ. பின்னால் போகும், அதையும் கணக்கில் சேருங்கள்.

மறுமொழி:

அண்ணா, நான் 135 மி.மீ. எஃப்/2 லென்ஸுக்கு முன்னால் 77 மி.மீ. ஃபில்டர் போடுகிறேன். அங்கே நட்சத்திர ஒளி இணையாகவே வருகிறது. ஏபிஎஸ்-சி (சுமார் 28 மி.மீ. மூலைவிட்டம்) சென்சாரின் மூலையில்கூட 6 டிகிரிதான், நகர்வு 1 நா.மீ. அளவில் நின்றுவிடும். விலை கூடுதல், ஆனாலும் எனக்கு இதுதான் பிடித்த இடம். 14 மி.மீ. லென்ஸுக்கு இது ஒத்துவராது, மூலைக் கோணம் மிகப் பெரிது.

சிலியில் உள்ள ரூபின் தொலைநோக்கியோ எஃப்/1.2. அதன் 75 செ.மீ. ஃபில்டர்களை இரண்டாம், மூன்றாம் லென்ஸ்களுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள். சாய்வைத் தவிர்க்க வழியில்லை என்பதால் ஃபில்டரையே வளைவாகச் செய்துவிட்டார்கள். புலத்தின் நடுவிலும் ஓரத்திலும் ஒளி ஒரே கோண வீச்சில் விழுகிறது, அலைவரிசையும் எங்கும் ஒன்றுபோல நகர்கிறது.