அரை டிக்கெட்டும் 37 மார்க்கும்: பிள்ளைகளும் உண்மையும், உங்க அனுபவம் என்ன?

திருச்சி அம்மா:
ரெண்டாவது படிக்கிற என் பொண்ணோட பையில நேத்து வேற யாரோட வாசனை ரப்பரோ இருந்துச்சு. ஸ்ட்ராபெரி மாதிரி செவப்பா இருக்குமே, அது. "இது யாருதுடி?"ன்னா "கீழே கெடந்துச்சு"ங்கறா. கீழே கெடந்தது நெசமாவும் இருக்கலாம். யாரு பெஞ்சுக்குக் கீழேங்கறதுதான் விஷயம். "நீ திருடினியா"ன்னு கேக்கலை. "இதைத் தேடிட்டு இருக்கற பிள்ளைகிட்ட எப்படிச் சேக்கறது?"ன்னு மட்டும் கேட்டேன். அவளே டீச்சர் மேசையில வெச்சுடறேன்னா, வெச்சுட்டா. முடிஞ்சுது.

இது மாதிரி நேரத்துல உங்க வீட்ல, பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சுன்னு எழுதுங்களேன். அறிவுரை வேண்டாம், அது என் மாமியார்கிட்டயே வேண்டிய மட்டும் இருக்கு.

ஓய்வுபெற்ற கண்டக்டர், கும்பகோணம்:
அரசு பஸ்ல வேலை பாத்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைங்க உண்மை பேசி மாட்டிக்கறதை என்னளவுக்குப் பாத்தவங்க கம்மிதான். இப்பதான் அஞ்சு வயசு வரைக்கும் டிக்கெட் இல்ல, 2022ல மாத்தினாங்க. எங்க காலத்துல மூணு முடிஞ்சா அரை டிக்கெட். அதனால பஸ்ஸுல ஏறற பிள்ளை அத்தனைக்கும் ரெண்டரை வயசுதான். மீசை மொளைக்காத வரைக்கும் ரெண்டரை.

ஒரு முகூர்த்த நாளு, மன்னார்குடி வண்டி, கால் வைக்க எடமில்லை. ஒரு அம்மா மடியில பையன், கையில தேன்மிட்டாய். "பையனுக்கு?"ன்னேன். "ரெண்டரைதாங்க"ன்னாங்க. அவன் வாயில இருந்த மிட்டாயை ஒதுக்கிட்டு, "யம்மா, நான் ஒண்ணாப்புல்ல படிக்கிறேன்!"ன்னான். சுத்தி நின்ன அத்தனை பேரும் சிரிச்சுட்டாங்க. அந்த அம்மா மூஞ்சி சுண்டிப்போச்சு. பையன் தொடையில ஒரு கிள்ளு விழுந்ததை நான் பாத்தேன். அவனுக்குக் கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு, ஆனா அழலை. எதுக்கு வாங்கினோம்னே அவனுக்குப் புரியலை. வீட்டுக்கு வர்றவங்க "எத்தனாவது படிக்கிறே?"ன்னு கேட்டா சொல்லணும்னு பழக்கினதும் அதே அம்மாதானே.

அரை டிக்கெட்டைக் கிழிச்சு அவன் கையிலயே குடுத்தேன். "ஒண்ணாப்பு படிக்கிறவருக்குத்தான் தனி டிக்கெட்டு. செக்கிங் வந்தா நீதான் காட்டணும்"ன்னேன். எறங்கற வரைக்கும் அதை ரெண்டு விரலால புடிச்சுக்கிட்டே வந்தான். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவுத்துச் சில்லறை எண்ணிக் குடுத்தாங்க. அந்தக் காசு அவங்களுக்குப் பெரிய காசுதான், நான் அதைக் கேலியா எழுதலை.

அதுக்கப்புறம் பிள்ளைங்ககிட்ட வயசு கேக்கறதையே விட்டுட்டேன். எங்காளுங்கள்ல சில பேரு "தம்பி எந்தப் பள்ளிக்கூடம்?"னு நைசாக் கேப்பாங்க. சாமர்த்தியம்தான், ஒத்துக்கறேன். ஆனா உண்மை சொன்னா அம்மாவுக்கு அவமானம், பொய் சொன்னா அம்மாகிட்டச் செல்லம்னு ஒரு பிள்ளையை நடு பஸ்ஸுல நிறுத்தக் கூடாது. சந்தேகம்னா பெரியவங்களைக் கேட்டுக்கலாம்.

கணக்கு டீச்சர், விருதுநகர் பக்கம்:
பரீட்சைப் பேப்பர் கொடுக்கும் நாளில் நான் ஒன்று சொல்வேன்: "கூட்டலைச் சரிபாருங்க. குறைஞ்சிருந்தாலும் வாங்க, கூடியிருந்தாலும் வாங்க." குறைந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். கூடியவர்கள் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு. அந்த முறை வகுப்பு மாற்றித் திருத்தியிருந்தோம். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஒரு பையன் பேப்பரை நாலாக மடித்து எடுத்து வந்தான். முன்பக்கக் கட்டத்தில் 37. கூட்டினால் 33 தான் வருகிறது. பாஸ் 35 என்பது உங்களுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

நான் "ரொம்ப நல்ல பையன்" என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. உட்காரச் சொல்லி, இரண்டு பேரும் ஒவ்வொரு கேள்வியாகக் கூட்டினோம். 33 தான். அடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "டீச்சர், வீட்ல கையெழுத்து வாங்கணுமா?" மார்க்கைவிட அதுதான் அவன் பயம். மார்க்குக்குக் கீழே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: "கூட்டல் பிழையை மாணவரே கண்டுபிடித்துச் சொன்னார்."

மறுநாள் அவன் அப்பாவே வந்துவிட்டார். லோடு ஏற்றும் வேலை, தோளில் துண்டு. "இவன் சொல்லலைன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா டீச்சர்?" என்றார். தெரிந்திருக்காது என்றேன். கொஞ்ச நேரம் பேப்பரைப் பார்த்தார். "சரி, பேனா கொடுங்க" என்று என் மேசையிலேயே கையெழுத்துப் போட்டார்.

ரெண்டு பசங்களோட அப்பா, சேலம்:
டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு 35 போட்டு விட்டிருக்கலாம். உண்மையைச் சொன்னவன் ஃபெயிலு, சொல்லாம இருந்தவன் பாஸுன்னா மத்த பசங்க என்ன கத்துப்பாங்க? வாயை மூடிட்டு இருக்கத்தான்.

கணக்கு டீச்சர்:
எங்கள் ஆசிரியர் அறையிலும் இதையேதான் சொன்னார்கள். ஆனால் உண்மைக்கு இரண்டு மார்க் என்று நான் விலை போட்டுவிட்டால், அடுத்த முறை அவன் பேப்பரோடு வந்து நிற்கும்போது உண்மைக்காக வந்தானா மார்க்குக்காக வந்தானா என்று எனக்கே சந்தேகம் வரும். வகுப்பில் நான் மார்க்கை வாசிப்பதில்லை, அதனால் அவன் ஃபெயில் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. அரையாண்டில் 33 வாங்கினால் குடி முழுகிவிடாது. ஆண்டுத் தேர்வாக இருந்தாலும் குறைத்துத்தான் இருப்பேன். என்ன, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

உளவியல் மாணவி:
டீச்சர் எழுதின அந்த ஒரு வரியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். கனடா ஆய்வாளர்கள் விக்டோரியா டால்வாரும் காங் லீயும் 2014ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. 3 முதல் 7 வயசுப் பிள்ளைகளைத் தனியா உக்கார வெச்சு, பின்னாடி இருக்கற பொம்மையை எட்டிப் பாக்காதேன்னு சொல்லிட்டு வெளியே போயிடுவாங்க. பெரும்பாலான பிள்ளைங்க பாத்துடும் (நானா இருந்தாலும் பாத்திருப்பேன்). திரும்பி வந்து ஒரு கதை படிச்சுட்டு, "பாத்தியா?"ன்னு கேப்பாங்க. நம்ம ஊர்ல "புலி வருது"ன்னு சொல்ற கதைக்கு அங்கே ஓநாய். பொய் சொன்னவனுக்குத் தண்டனை கிடைக்கற அந்தக் கதையைக் கேட்ட பிள்ளைங்க, பொய்யைப் பத்தியே பேசாத முயல் ஆமை கதை கேட்ட பிள்ளைங்களைவிட ஒண்ணும் அதிகமா உண்மை சொல்லலை. ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிட்டு அப்பாகிட்ட ஒத்துக்கிட்டு, பாராட்டு வாங்கற கதையைக் கேட்டவங்கதான் கூடுதலா உண்மை சொன்னாங்க. அந்தக் கதையையும் மாத்தி, பொய் சொன்னா என்ன கெடுதல் வரும்னு காட்டற மாதிரி ஆக்கினதும் பலன் போயிடுச்சு.

வேடிக்கை என்னன்னா, அந்தச் செர்ரி மரக் கதையே வாஷிங்டன் வரலாறை எழுதின ஒரு பாதிரியார் கட்டிவிட்டது.

ரெண்டு பசங்களோட அப்பா, சேலம்:
ஆராய்ச்சி சரிதாங்க. பொம்மையை எட்டிப் பாக்கறதும் கணக்குல ஃபெயிலாகறதும் ஒண்ணா? நான் இன்னும் 35 கட்சிதான்.

கோவை அப்பா:
எங்க பொண்ணு மூணாவதுங்க. பொறந்த நாளைக்குக் கலர் டிரெஸ் போட்டுட்டு, சாக்லேட் டப்பா எடுத்துட்டு மத்த க்ளாஸுக்கெல்லாம் போவாங்கல்ல, கூட ஒரு பிள்ளையைக் கூட்டிட்டுப் போலாம். ஒரே ஒரு பிள்ளைதான், மிஸ் கண்டிஷன். அந்த "கூடப் போற பிள்ளை" பதவி இருக்குதே, மந்திரி பதவி தோத்துருமுங்க.

இவ ரெண்டு மாசம் முன்னயே பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டா. அப்புறம் க்ளாஸுல புதுசா ஒரு பிள்ளை சேந்துச்சு, ஒடிசாவுல இருந்து. அவங்கப்பாவுக்கு மில்லு வேலை. தமிழ் வராது, யாருமே கூட்டிட்டுப் போகலை. மொத நாள் ராத்திரி இவ சாப்பிடாம உக்காந்துட்டு, "அப்பா, நான் யாரைக் கூட்டிட்டுப் போகட்டும்?"ங்கறா. புதுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போன்னு சொல்லத்தான் எனக்கு வாய் வந்துச்சு, கேக்க நல்லா இருக்கும். ஆனா வாக்குக் குடுத்த பிள்ளை ரெண்டு மாசமாக் காத்துட்டு இருக்குதே? அதுக்கென்ன பதில் சொல்றது? "ரெண்டு பேரும் நாளைக்கு ராத்திரி வீட்டுக்குப் போயி என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சுப் பாரு"ன்னு விட்டுட்டேன்.

அவ வாக்குக் குடுத்தவளையே கூட்டிட்டுப் போயிருக்கா. கெளம்பறதுக்கு முன்னாடி, சொந்தக் க்ளாஸுக்குக் குடுக்கற டப்பாவைப் புதுப் பிள்ளை கையில குடுத்து, "நீ குடு"ன்னு சொல்லியிருக்கா. அந்தப் பிள்ளை ஒவ்வொரு பெஞ்சா நின்னு குடுத்துச்சாமா. ஒரு பையன் மட்டும் ரெண்டு எடுத்துட்டானாம், அதுதான் எம் பொண்ணுக்கு இன்னும் ஆறலைங்க.

நெல்லை அம்மா:
எங்க வீட்டு விஷயம் கொஞ்சம் வேற மாதிரி. என் மக பத்தாவது படிக்கும்போது, ரிசல்ட்டுக்கு முந்தின நாள் அவ சிநேகிதி போன்ல, "மார்க் கொறஞ்சா நான் வீட்ல இருக்க மாட்டேன், யார்ட்டயும் சொல்லாத, சத்தியம்"னுருக்கா. இவளும் சத்தியம் பண்ணிட்டா. சாயங்காலம் பூரா போனைக் கையில வச்சிட்டே வீட்டுக்குள்ள நடந்தா. நான் என்னன்னு துருவல. பக்கத்துல உக்காந்து அவரைக்காய் நறுக்கிட்டு இருந்தேன். "யம்மா, சத்தியத்தை மீறுனா பாவமா?"ன்னு அவளாத்தான் ஆரம்பிச்சா.

"ஒரு ஆளுக்கு ஆபத்து வரும்னா அந்தச் சத்தியம் செல்லாது. பாவம்னா அது எனக்கு வரட்டும்"னு சொன்னேன். கொட்டிட்டா. உடனே அந்தப் பிள்ளையோட அம்மாவுக்கு நாந்தான் பேசுனேன். எம் மக பேரை எடுக்கல, ஆனா அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்? ரிசல்ட் அன்னிக்கு அவ அம்மா லீவு போட்டுட்டுக் கூடவே இருந்தாங்க. மார்க் கொறச்சல்தான், பிள்ளை பத்திரமா இருந்தா. ஆனா "நம்பிச் சொன்னா காட்டிக் குடுத்துட்டே"ன்னு ப்ளஸ் ஒன் பாதி வரைக்கும் இவகிட்ட மொகம் குடுத்துப் பேசல. இவ அழுதா. நீ செஞ்சது சரின்னு நான் சொன்னா மட்டும் அந்த அழுகை நின்னுடுமா?

பெரியவங்க யாரும் கைக்கு எட்டலைன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பிள்ளைகளே கூப்பிடலாம்னும் அவளுக்குச் சொல்லி வச்சேன். காசில்ல, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க. என் சின்னவனுக்கு இப்ப ஏழு. எந்தச் சத்தியம் செல்லும், எது செல்லாதுன்னு இந்த வயசுல எப்படிச் சொல்லிக் குடுக்கன்னு தெரியல. உங்கள்ல யாராவது சொல்லிக் குடுத்திருந்தா எழுதுங்க.