இதயத்தை எடைபோட்டது நீதியா, ஏமாற்றா?

கடலோடி:
பழைய எகிப்து என்று வாயைத் திறந்தாலே ஒரு படத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். தராசின் ஒரு தட்டில் செத்தவனின் இதயம், மறு தட்டில் உண்மைக்கும் நீதிக்கும் தெய்வமான மாஅத்தின் இறகு. நரித்தலை அனுபிஸ் தராசைச் சரிபார்க்கிறார். அரிவாள் மூக்கன் தலையோடு தோத் கணக்கெழுதுகிறார். இதயம் கனத்தால் விழுங்குவதற்கு முதலைத்தலை, சிங்க உடம்பு, நீர்யானைப் பின்புறத்தோடு அம்மித் காத்திருக்கிறது. "அந்தக் காலத்திலேயே என்ன ஒரு அறநெறி!" என்று எல்லோரும் உருகுகிறார்கள்.

என் கேள்வி ஒன்றுதான். மம்மியின் நெஞ்சில் பச்சைக்கல் வண்டு எதற்கு வைத்தார்கள்? அதன் அடிப்பக்கத்தில் செதுக்கியிருக்கும் மந்திரத்தின் சாரம், "என் தாய் தந்த இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே." சாட்சியின் வாயைக் கட்டிவிட்டு நடத்தும் வழக்குக்கு நீதி என்று பெயரா?

பனங்காட்டான்:
அண்ணே, வண்டை மட்டும் பார்த்துட்டு வழக்கையே தள்ளுபடி பண்ணிட்டீங்களே. அந்த வண்டு மந்திரம் வர்ற இறந்தோர் புத்தகத்துலயே, அதாவது செத்தவனோட புதைக்கிற மந்திரத் தொகுப்புல, 125-ஆவது மந்திரத்தைப் படிங்க. 42 தெய்வங்கள் முன்னால நின்னு செத்தவன் "நான் இதைச் செய்யல, அதைச் செய்யல"ன்னு வரிசையா சொல்றான். தராசுல கள்ளம் பண்ணல. பச்சைப்பிள்ளை வாயிலிருந்து பாலைப் பறிக்கல. ஓடுற தண்ணியை அணைபோட்டு மறிக்கல.

கடைசி வரியை மறுபடி படிங்க. நைல் வெள்ளத்தை நம்பிப் பிழைச்ச ஊர்ல அடுத்தவன் தண்ணியை மறிக்கிறது எவ்வளவு பெரிய குற்றம்! இது பூசாரி உட்கார்ந்து யோசிச்ச பாவமில்ல, வரப்புச் சண்டையிலிருந்து வந்த பாவம்.

கடலோடி:
தம்பி, அந்தப் பட்டியலும் அச்சடித்த விண்ணப்பப் படிவம் மாதிரிதான். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும், அனி என்பவருக்கான இறந்தோர் புத்தகச் சுருள் கி.மு. 1250 வாக்கில் எழுதியது, சுமார் 24 மீட்டர் நீளம். பல இடங்களில் பெயருக்கு மட்டும் இடம் விட்டு முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு வேறொரு கை அனியின் பெயரை நிரப்பியிருக்கிறது. அதாவது "நான் திருடவில்லை" என்ற வாக்குமூலம் தயார். யார் திருடவில்லை என்பதுதான் பாக்கி. காசு கொடுத்தவன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

திண்ணைத்தூண்:
இதுல நியாயம் எங்க இருக்கு? பிரமிடு கட்டின அடிமைகளை ராஜாவோட சேர்த்து உயிரோட புதைச்சாங்கல்ல?

பனங்காட்டான்:
இல்லைங்க, ரெண்டு விஷயத்தைக் கலக்குறீங்க. அரசரோட ஆட்களைக் கொன்னு புதைச்ச வழக்கம் இருந்தது, ஆனா எகிப்தோட முதல் அரச வம்சத்துல, அபிடோஸ்ங்கிற ஊர்ல. ஜெர் மன்னர் கல்லறையைச் சுத்தி மட்டும் 300-க்கு மேல சின்னக் குழிகள். பிரமிடு வர்றதுக்கு முன்னாடியே அது நின்னுபோச்சு. கிசாவுல பிரமிடு கட்டினவங்களுக்குத் தனிக் கல்லறைகளே இருக்கு, 1990-ல கண்டுபிடிச்சாங்க. அவங்க குழியிலயும் பீர் ஜாடி வச்சுத்தான் அனுப்பியிருக்காங்க.

வேலை செய்ய ஆள் வேணும்ங்கிற கவலைக்குப் பின்னாடி பொம்மை வந்தது. உஷப்தின்னு பேரு. மறுமையில வயல்வேலைக்குக் கூப்பிட்டா "இதோ இருக்கேன்"னு அது போகணும். துட்டன்காமனுக்கு 413 பொம்மை. நாளுக்கு ஒண்ணா 365, பத்து நாளுக்கு ஒரு மேஸ்திரியா 36, மாசத்துக்கு ஒரு மேற்பார்வையாளரா 12. செத்த பிறகும் கூலிக்கணக்கை விடல பாருங்க!

ஈரமண்:
நீங்க ரெண்டு பேரும் மந்திரத்தையே சுத்தி வர்றீங்க. நான் லண்டன்ல வேலை பார்த்த காலத்துல பிரிட்டிஷ் மியூசியத்துல கெபெலீன் மனிதர்ங்கிற பழைய எகிப்தியரோட உடம்பு முன்னாடி ரொம்ப நேரம் நின்னிருக்கேன். கி.மு. 3400 வாக்குல வாழ்ந்தவர். முழங்காலை மடக்கி, கையை முகத்துக்கிட்ட கொண்டுவந்து, தூங்குற குழந்தை மாதிரி ஒருக்களிச்சுப் படுத்திருக்கார். மண்டையில செம்பட்டை முடி இன்னும் ஒட்டியிருக்கு. மம்மியை உலர்த்துற நேட்ரான் உப்பு இல்ல, குடலை எடுத்து ஜாடியில போடல, 70 நாள் பதப்படுத்தல. சூடான மணல் அவரை உலர்த்திருச்சு, அவ்வளவுதான். 2012-ல ஸ்கேன் பண்ணினப்ப முதுகுல கத்திக்குத்து தெரிஞ்சது. குத்தினவன் எந்தத் தராசுல நின்னானோ!

அப்புறம், பணம் இல்லாதவன் கதை என்ன? தேர் எல்-மெதினாங்கிற ஊர்ல அரச கல்லறை வெட்டின தொழிலாளிக்கு மாசச் சம்பளம் அஞ்சரை மூட்டை தானியம், மதிப்பு ஏறக்குறைய 11 தெபென் செம்பு (தெபென்கிறது அந்தக் கால எடைக்கணக்கு). ஒரு சாதாரண மரச் சவப்பெட்டி 20, 30 தெபென். அமர்னாங்கிற ஊர்ல ஏழைகளைக் குச்சிப்பாயில சுருட்டிப் புதைச்சிருக்காங்க. அவங்களுக்குப் புத்தகமும் இல்ல, வண்டும் இல்ல. அப்போ அவங்க இதயம் இஷ்டத்துக்குச் சாட்சி சொல்லியிருக்குமே!

கடலோடி:
அக்கா என் கட்சிக்கு வந்துவிட்டார். இன்னொன்றும் சொல்கிறேன். கி.மு. 1100 வாக்கில், ஒன்பதாம் ராம்சேஸ் காலத்தில், சோபெக்எம்சாஃப் மன்னரின் கல்லறையைக் கொள்ளையடித்த கும்பல் பிடிபட்டது. அமுன்பனேஃபர் என்ற கல்தச்சனின் வாக்குமூலம் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் அப்படியே இருக்கிறது. மம்மியின் மேலிருந்த தங்கத்தை உரித்தார்கள், பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள். கிடைத்தது 160 தெபென் தங்கம், நம் கணக்கில் 14 கிலோவுக்கு மேல். எட்டு பேர், ஆளுக்கு 20. நடுவில் ஒருமுறை மாட்டிக்கொண்டபோது தன் பங்கு 20-ஐயும் எழுத்தருக்குக் கொடுத்து வெளியே வந்தானாம்! கூட்டாளிகள் அவனுக்குப் பங்கை மறுபடி பிரித்துக் கொடுத்தார்களாம்.

இந்த உலகத்து எழுத்தரைக் காசால் அடித்தவன், அந்த உலகத்து எழுத்தர் தோத்துக்குப் பயப்பட்டிருப்பானா?

பனங்காட்டான்:
தங்கம் மட்டும் போதும்னா தீ எதுக்கு வைக்கணும் அண்ணே? உடம்பு அழிஞ்சா செத்தவனுக்குத் திரும்பி வந்து தங்க இடமில்ல. வாதி வராம இருக்கத்தான் கொளுத்தினான்னு நினைக்கிறேன். என் ஊகம்தான், ஆனா நம்பாதவன் அவ்வளவு மெனக்கெடுவானா?

ஈரமண்:
தங்கத்தை உருக்கி எடுக்கவும் தீ வைப்பாங்க தம்பி. ஆனா நம்பிக்கை விஷயத்துல உனக்கு ஒரு கடிதம் தர்றேன். நெதர்லாந்து லெய்டன் மியூசியத்துல இருக்கிற பாப்பிரஸ். அன்கிரிங்கிற செத்துப்போன மனைவிக்குப் புருஷன் எழுதினது. அவ ஆவி தன்னைப் படுத்துதுன்னு அவனுக்குக் குறை. நான் சின்னப் பையனா இருந்தப்ப உன்னைக் கட்டினேன், ஃபாரோகிட்ட பெரிய பதவிக்கு வந்தப்பவும் உன்னை விடல, உனக்கு நோய் வந்தப்ப தலைமை வைத்தியரைக் கூட்டி வந்தேன், நல்ல துணி சுத்திப் புதைச்சேன், மூணு வருஷமா தனியா இருக்கேன், வேற வீட்டுக்குள்ள போகலன்னு நீட்டிக்கிட்டே போறான். நிறுத்தலன்னா மேற்குல, அதாவது செத்தவங்க உலகத்துல, இருக்கிற ஒன்பது தெய்வங்கள் முன்னாடி உன்மேல வழக்குப் போடுவேன்னு மிரட்டல் வேற.

கடலோடி:
இது எனக்குத் தெரியாது அக்கா. சரி, நம்பிக்கை இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். நீதி இருந்தது என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "வேறு வீட்டுக்குள் போகவில்லை" என்கிறானே, அதற்கு அவன் இதயம் என்ன சாட்சி சொல்லும்? அவனுக்கும் ஒரு பச்சைக்கல் வண்டு தேவைப்பட்டிருக்கும்.

பனங்காட்டான்:
வண்டு இதய வாயைக் கட்டும் அண்ணே. அங்க ஏற்கெனவே போய் உட்கார்ந்திருக்காளே அன்கிரி, அவ வாயை எது கட்டும்?